சி பிளஸ் பிளஸில் எழுதினால் உடைக்க முடியாதா?

காவிரிக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 41. பகலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கர். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் பஞ்சாங்கம் பார்க்கும் வழக்கம் உண்டு. அந்த ஆர்வத்தில் பைத்தான் மொழியைத் தானாகவே கற்றுக்கொண்டு, இரவு நேரங்களில் ஜாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதியிருக்கிறார். வாக்கியம், திருக்கணிதம் இரண்டு முறையிலும் கணிக்கும். ராசிக் கட்டம், நவாம்சம், தசா புக்தி, பத்துப் பொருத்தம் எல்லாம் தமிழில் அச்சாகும். முதலில் தெரிந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். ஜோதிடர்கள் கேட்டு வர ஆரம்பித்ததும் 2,500 ரூபாய் விலை வைத்து இதுவரை அறுபது பேருக்கு விற்றிருக்கிறார். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே கடவுச்சொல்.

சென்ற ஆடி மாதம் பக்கத்து மாவட்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அதே மென்பொருள் 300 ரூபாய்க்குப் பென் டிரைவில் ஏற்றித் தரப்படுவதைப் பார்த்தார். முகப்பில் இவர் பெயர் இல்லை. வேறொருவரின் பெயரும் கைப்பேசி எண்ணும் இருந்தன. ஆனால் நான்காம் பக்கத்தில் 'பூரட்டாதி' என்பதை 'பூராட்டாதி' என்று இவர் தவறாகத் தட்டச்சு செய்திருந்த பிழை அப்படியே இருந்தது. கைப்பேசிக் குழு ஒன்றிலும் அந்தக் கோப்பு சுற்றுகிறதாம்.

இனி அவர் கேள்விகள். சி பிளஸ் பிளஸில் எழுதினால் யாராலும் உடைக்க முடியாது என்று அக்கா மகன் சொல்கிறான். முழுவதையும் மாற்றி எழுதலாமா? ஹார்டுவேர் லாக் (கணினியில் செருகியிருந்தால்தான் மென்பொருள் ஓடும் சிறு கருவி) போடச் சொல்லி ஒரு வாடிக்கையாளர் வற்புறுத்துகிறார், போடலாமா? திருட்டு நகல் ஓடினால் அந்தக் கணினியில் சேமித்த ஜாதகங்களை எல்லாம் அழித்துவிடும்படி எழுதினால் என்ன? வாக்கியக் கணிதத்துக்குக் காப்புரிமை கிடைக்குமா? போலீசுக்குப் போகலாமா? இவற்றுக்கு நடுவே இரண்டு தகவல்களையும் சொல்லியிருக்கிறார். திருக்கணிதத்துக்கு ஸ்விஸ் எபிமெரிஸ் என்ற இலவச நூலகத்தை, அதாவது கோள் நிலைகளைக் கணக்கிடும் ஆயத்த நிரல் தொகுப்பை, பயன்படுத்தியிருக்கிறார். நிரலின் ஒரு பகுதியை அலுவலக மடிக்கணினியில் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளுக்கு நீங்கள் அடுக்கிய வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. ஐந்து பக்கம் கோபப்பட்டு எழுதிய விஷயத்தைவிட, போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த நூலக விஷயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மொழியிலிருந்து தொடங்குவோம்.

அக்கா மகன் சொன்னதில் பாதி உண்மை. நீங்கள் பைத்தானில் எழுதி, பைஇன்ஸ்டாலர் வைத்து ஒரே கோப்பாகக் கட்டி விற்றிருக்கிறீர்கள். அந்தக் கருவி உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. பைத்தான் இயக்கியையும் உங்கள் நிரலின் இடைநிலை வடிவத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது, அவ்வளவுதான். அதைப் பிரிக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன. பிரித்தால் நீங்கள் வைத்த செயற்கூறுப் பெயர்கள், மாறிகளின் பெயர்கள், கடவுச்சொல் எல்லாம் படிக்கும் நிலையிலேயே கிடைக்கும். பைஇன்ஸ்டாலரில் மறையாக்கம் செய்யும் வசதி ஒன்று முன்பு இருந்தது. 2023-இல் வந்த ஆறாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். பூட்டிய கோப்பிலேயே சாவியும் சேர்ந்து போகும்போது அதை வைத்திருப்பதில் பெரிய பயன் இல்லை.

சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், டெல்பி போன்றவற்றில் எழுதினால் கிடைப்பது இயந்திர மொழி. பெயர்கள் பெரும்பாலும் மறைந்துவிடும். படிப்பது கடினம், ஆனால் முடியாத காரியமில்லை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2019-இல் கைட்ரா என்ற பகுப்பாய்வுக் கருவியை இலவசமாகவே வெளியிட்டது. இயந்திர மொழியைச் சி மொழி போன்ற வடிவத்துக்கு அது திருப்பித் தரும்.

தவிர, உடைப்பவருக்கு உங்கள் நிரல் முழுவதும் புரிய வேண்டிய அவசியமே இல்லை. கடவுச்சொல் சரியா தவறா என்று பார்த்துப் பிரியும் அந்த ஓர் இடம் தெரிந்தால் போதும். இன்டெல் வகைச் செயலிகளில் 'சமமாக இருந்தால் தாவு' என்ற கட்டளையின் குறுகிய வடிவம் பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 74. 'சமமாக இல்லாவிட்டால் தாவு' என்பது 75. கோப்பில் அந்த ஒரு பைட்டை 74-லிருந்து 75 ஆக்கினால், தவறான கடவுச்சொல் எதைக் கொடுத்தாலும் மென்பொருள் திறந்துகொள்ளும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தால்தான் திறக்காது! எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் இப்படி ஓர் இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம்.

ஆகவே வேறுபாடு இதுதான்: பைத்தானில் எழுதினால் திருடுபவருக்கு உங்கள் நிரலும் கிடைக்கிறது, மென்பொருளும் கிடைக்கிறது. சி பிளஸ் பிளஸில் எழுதினால் மென்பொருள் மட்டும் கிடைக்கிறது. போட்டியாளர் ஒருவர் உங்கள் கணக்கிடும் பகுதியைப் பிரித்தெடுத்துத் தன் மென்பொருளில் சேர்த்துக்கொள்வார் என்பது உங்கள் பயமாக இருந்தால், இயந்திர மொழிக்கு மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரருக்கு உங்கள் நிரல் தேவையே இல்லை. ஓடுகிற ஒரு கோப்பு போதும்.

இந்த வருத்தம் உங்களுக்கு முன்பே பலருக்கு இருந்தது. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ், பொழுதுபோக்குக்குக் கணினி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் கணினி வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே தன் 'பேசிக்' நிரல்மொழி மென்பொருளை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள் என்பது அவர் குறை. டிவிடி வட்டுகளுக்குப் பெரிய நிறுவனங்கள் கூடிப் போட்ட பூட்டை 1999-இல் ஒரு சிறிய நிரல் திறந்துவிட்டது. நீங்கள் இரவில் தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர். அந்தப் பந்தயத்தில் ஓட வேண்டாம்.

மொழியை எதை வைத்துத் தேர்வது

உங்கள் வாடிக்கையாளர்களின் மேஜையை வைத்து. அறுபது பேரில் பாதிப் பேர் இன்னும் விண்டோஸ் 7 கணினிதான் வைத்திருக்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே மிகவும் பயனுள்ள தொழில்நுட்பத் தகவல் அதுதான். விண்டோஸ் 7-இல் ஓடிய கடைசிப் பைத்தான் 3.8, அதற்கான ஆதரவு 2024-இல் முடிந்துவிட்டது. கோ மொழி 1.21 பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. ரஸ்ட்டும் 2024-இல் அதே வழியில் போனது. ஆக, புதிது என்பதற்காகவே ஒரு மொழிக்குத் தாவினால் உங்கள் வாடிக்கையாளரில் பாதியை இழப்பீர்கள். சி ஷார்ப் மொழியில் டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8-ஐ வைத்து எழுதினால் பழைய கணினியிலும் ஓடும். லாசரஸ் கருவியில் பாஸ்கலில் எழுதினாலும் ஓடும். கோப்பும் சிறியதாக இருக்கும். ஆனால் சி ஷார்ப்பைப் பிரித்துப் படிப்பது ஏறக்குறைய பைத்தானைப் பிரித்துப் படிப்பதுபோல எளிது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது தமிழ் அச்சு. எந்த மொழிக்குப் போனாலும் முதல் நாளே 'கொ', 'ஸ்ரீ', 'பௌ' என்று மூன்று எழுத்துகளைப் பிடிஎஃப் கோப்பாக அச்சிட்டுப் பாருங்கள். சில நூலகங்கள் எழுத்துகளைக் கோக்கத் தெரியாமல் கொம்பை இடம் மாற்றி நிறுத்தும். ஆறு மாதம் மாற்றி எழுதிய பிறகு 'பௌர்ணமி' சிதைந்து வருவதைப் பார்ப்பதைவிட முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

என்னைக் கேட்டால் பைத்தானிலேயே இருங்கள். நன்றாகத் தெரிந்த மொழியில்தான் பிழை குறைவாக வரும். ஜாதகத்தில் பிழை வந்தால் வாடிக்கையாளர் மன்னிக்க மாட்டார். கணக்கிடும் பகுதியை மட்டும் சைத்தான் அல்லது நுயிட்கா என்ற கருவி வழியாக இயந்திர மொழிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தானை விட்டு வெளியேறாமலே அக்கா மகன் சொன்ன பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். சி பிளஸ் பிளஸ் கற்றுக்கொள்ள ஆசையாக இருந்தால் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள். திருட்டுக்குப் பயந்து மட்டும் கற்காதீர்கள்.

லாக் எந்த அளவுக்கு

இப்போது உங்களிடம் இருப்பதை லாக் என்றே சொல்ல முடியாது. அறுபது பேருக்கும் ஒரே கடவுச்சொல் என்றால், ஒருவர் வாய் திறந்தால் எல்லாம் முடிந்தது. அதை மாற்றுங்கள். வாடிக்கையாளரின் பெயர், ஊர், கைப்பேசி எண் மூன்றையும் ஒரு சிறு கோப்பில் எழுதி, உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால் மின்கையொப்பம் இட்டுக் கொடுங்கள். மென்பொருளுக்குள் பொதுச்சாவி மட்டும் இருக்கட்டும். பொதுச்சாவியால் கையொப்பத்தைச் சரிபார்க்கலாம்; புதிதாகக் கையொப்பம் இட முடியாது. ஈடி25519 என்ற முறை இதற்குப் போதும். பைத்தானில் சில வரிகள்தான். மென்பொருளைத் திருத்தி ஓட்டுவதை இது தடுக்காது. உங்கள் பெயரில் போலி லைசென்ஸ் தயாரிப்பதைத் தடுக்கும்.

உங்கள் துறையில் வேறு எந்தத் துறைக்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. ஜாதகத்தின் முதல் பக்கத்தில் தன் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று ஜோதிடர் விரும்புகிறார். அந்தப் பெயரை லைசென்ஸ் கோப்பிலிருந்து மட்டுமே எடுத்து அச்சிடுங்கள். இரவல் வாங்கியவர் அச்சிட்டால் அடுத்த தெரு ஜோதிடரின் பெயரும் எண்ணும் வரும். வேறொரு ஜோதிடரின் விளம்பரத்தைத் தன் வாடிக்கையாளர் கையில் கொடுக்க யார் விரும்புவார்? பொதுவாக நடப்பது தெரிந்தவருக்கு நகல் எடுத்துக் கொடுப்பதுதான். அதை நிறுத்த இந்த ஓர் ஏற்பாடு போதும் என்பது என் கணிப்பு.

ஹார்டுவேர் லாக் வேண்டாம். அதன் விலையை உங்கள் 2,500 ரூபாயிலிருந்துதான் கழிக்க வேண்டும். தொலைந்தால், டிரைவர் வேலை செய்யாவிட்டால், போர்ட் கெட்டுப்போனால், முகூர்த்த நாளன்று காலை ஐந்து மணிக்குப் போன் உங்களுக்குத்தான் வரும். பழைய டிடிபி மென்பொருள் வைத்திருந்தவர்களைக் கேட்டால் பிரிண்டர் போர்ட்டில் செருகிய லாக்கோடு பட்ட பாட்டைச் சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க் எண்ணோடு லைசென்ஸைக் கட்டுவதிலும் இதே தலைவலி உண்டு. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தொல்லை, திருட்டு நகல் வைத்திருப்பவருக்கு நிம்மதி என்று ஆகிவிடக் கூடாது.

கணிப்பை உங்கள் சர்வரில் வைத்து இணையம் வழியாகத் தருவதுதான் தொழில்நுட்ப ரீதியில் உறுதியான வழி. வாடிக்கையாளர் கையில் கோப்பே இல்லை என்றால் திருடுவதற்கு எதுவும் இல்லை. ஆனால் மாதச் செலவு வரும். பிறந்த நாள், நேரம், ஊர் எல்லாம் உங்களிடம் சேரும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொறுப்புகளும் கூடவே வரும். அறுபது பேருக்காக இப்போதே அந்தச் சுமையை ஏற்க வேண்டாம்.

அழிக்கும் நிரல் கூடவே கூடாது

இங்கே மட்டும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. மற்றவர் கணினியில் அவர் அனுமதியில்லாமல் தகவலை அழிப்பது, அவர் வைத்திருப்பது திருட்டு மென்பொருளாகவே இருந்தாலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66-ஆம் பிரிவுகளுக்குள் வரும். தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்குத் தொடுக்க வேண்டிய நீங்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம், இசைத் தட்டுகளை நகலெடுப்பதைத் தடுக்க வாங்கியவர்களின் கணினியில் மறைந்து உட்காரும் நிரல் ஒன்றை ஏற்றியது. அது எதையும் அழிக்கவில்லை. இருந்தும் வழக்குகள் குவிந்தன, தட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

உங்கள் சரிபார்ப்பில் ஒரு பிழை இருந்து, காசு கொடுத்து வாங்கிய ஜோதிடரின் பல வருட ஜாதகங்கள் அழிந்தால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

அழிக்காமல், திருட்டு நகலில் மட்டும் கணிப்பை லேசாகத் தவறாக்கிக் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில கணினி விளையாட்டுகளில் அப்படிச் செய்ததுண்டு. விளையாட்டில் துப்பாக்கி வேலை செய்யாமல் போனால் நஷ்டம் திருடியவருக்கு. ஜாதகத்தில் நட்சத்திரம் மாறினால் நஷ்டம் யாருக்கு? மென்பொருள் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு பெண் வீட்டாருக்கு, பொருத்தம் இல்லை என்று ஒரு வரன் தட்டிப்போகும். ஊரில் பேச்சும் 'அந்த மென்பொருள் தப்பாகக் கணிக்கிறது' என்றுதான் பரவும். அது திருட்டு நகல் என்பதை யாரும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.

ஸ்விஸ் எபிமெரிஸ் விஷயம்

இனி, போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த நூலக விஷயம். திருக்கணிதத்துக்கு 'இலவச நூலகம்' பயன்படுத்தினேன் என்கிறீர்கள். ஸ்விஸ் எபிமெரிஸ் சுவிட்சர்லாந்தின் அஸ்ட்ரோடீன்ஸ்ட் நிறுவனம் எழுதியது. அதை இரண்டு வழிகளில் பயன்படுத்தலாம். ஒன்று, ஏஜிபிஎல் என்ற திறமூல உரிமம். இன்னொன்று, பணம் கட்டி வாங்கும் தொழில்முறை உரிமம். பணம் கட்டவில்லை என்றால் நீங்கள் ஏஜிபிஎல் வழியில்தான் இருக்கிறீர்கள். விற்பதை அந்த உரிமம் தடுக்கவில்லை. ஆனால் வாங்கியவருக்கு உங்கள் மென்பொருளின் மூலநிரல் முழுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். சர்வரில் வைத்து இணையம் வழியாகக் கொடுத்தாலும் பயன்படுத்துபவருக்கு மூலநிரல் தர வேண்டும் என்பதுதான் ஏஜிபிஎல்லின் தனி அம்சம். ஆகவே சர்வருக்குப் போனாலும் இதிலிருந்து தப்ப முடியாது. திரை வடிவமைப்புக்கு நீங்கள் பயன்படுத்தியிருக்கும் பைகியூட்டிக்கும் இதே கதைதான்: ஒன்று ஜிபிஎல் (ஏஜிபிஎல்லைப் போன்ற திறமூல உரிமம்), இல்லையென்றால் விலை கொடுத்து வாங்கிய உரிமம்.

மூடிய நிரலாக அறுபது பேருக்கு விற்றதன் மூலம், உங்கள் உழைப்புக்கு அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் செய்ததன் ஒரு வடிவத்தை அவர்களுடைய உழைப்புக்கு நீங்கள் செய்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்யவில்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. 'இலவசம்' என்று இருந்ததை நிபந்தனையில்லாதது என்று எடுத்துக்கொண்டீர்கள். பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் தடை உத்தரவு கேட்டு நீதிமன்றம் போனால், வருகிறவரின் கை சுத்தமா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் முதல் கேள்வியே அதுதான்.

நல்ல செய்தியும் உண்டு. ஏஜிபிஎல், ஜிபிஎல் இரண்டின் மூன்றாம் பதிப்பிலும் திருந்துவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். மீறலை நீங்களாகவே நிறுத்திவிட்டு, அதன் பிறகு 60 நாட்களுக்குள் உரிமையாளரிடமிருந்து அறிவிப்பு எதுவும் வராவிட்டால் உங்கள் உரிமம் முழுமையாக மீண்டுவிடும். நிறுத்த மூன்று வழிகள்.

தொழில்முறை உரிமத்தை வாங்கிவிடலாம். விற்பனை தொடர்ந்து நடக்கும் என்றால் இதுவே நேரான வழி. பழைய விற்பனையைப் பற்றியும் அவர்களிடம் ஒளிக்காமல் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அல்லது நூலகத்தை மாற்றலாம். ஸ்கைஃபீல்டு என்ற பைத்தான் நூலகம் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. மூலநிரல் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை, உரிமக் குறிப்பைச் சேர்த்துக் கொடுத்தால் போதும். நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் வெளியிடும் கோள் நிலைத் தரவுகளை வைத்துக் கணிக்கும். அயனாம்சத்தை (நகரும் சம இரவுப் புள்ளிக்கும் நம் ராசிச் சக்கரத்தின் தொடக்கத்துக்கும் உள்ள கோண வித்தியாசத்தை) நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். மேக்நாத் சாஹா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1956 மார்ச் 21-க்கு 23 பாகை 15 கலை என்று நிர்ணயித்ததுதான் அடிப்படை. அது உங்களுக்குத் தெரியாததல்ல. மாற்றிய பிறகு பழைய ஜாதகங்கள் சில நூறை எடுத்து இரண்டிலும் ஓட்டி ஒப்பிடுங்கள், முக்கியமாகச் சந்திரன் நட்சத்திரப் பாதத்தின் விளிம்பில் நிற்கும் ஜாதகங்களை. பைகியூட்டிக்குப் பதிலாகப் பைசைடுக்கு மாறுவது அதிக வேலையில்லை. அதன் எல்ஜிபிஎல் உரிமம் மூடிய நிரலையும் அனுமதிக்கிறது, சில நிபந்தனைகளோடு.

மூன்றாவது வழி, நிரலையே ஏஜிபிஎல்லில் திறந்துவிடுவது. இதை உடனே தள்ளிவிடாதீர்கள். நிறுவிக் கொடுப்பது, கற்றுக் கொடுப்பது, ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருவது என்று சேவைக்குக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அப்போது ஜெராக்ஸ் கடைக்காரரும் மூலநிரலோடு, உங்கள் பதிப்புரிமைக் குறிப்பை அழிக்காமல், 300 ரூபாய்க்குச் சட்டப்படியே விற்கலாம். கடிதத்தின் சூட்டைப் பார்த்தால் அதை உங்களால் தாங்க முடியும் என்று தோன்றவில்லை. ஆகவே இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

கடைக்காரர் மீது என்ன செய்யலாம்

நீங்கள் எழுதிய பகுதி உங்களுடையதுதான், அதில் சந்தேகம் வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடச் சொல்வேன். 500 ரூபாய் கட்டணம்; பதிவுச் சான்றிதழ் நீதிமன்றத்தில் முதல்நோக்குச் சான்றாக நிற்கும். மூலநிரல் முழுவதையும் அரசிடம் கொடுத்துவிட வேண்டுமே என்ற உங்கள் பயம் தேவையற்றது. 2021 திருத்த விதிகளின்படி முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் போதும், எதையும் மறைக்காமல்.

வாக்கியக் கணிதத்துக்குக் காப்புரிமை கிடைக்காது. காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணித முறைகளையும், வெறும் நிரல் என்ற அளவில் கணினி நிரலையும் விலக்கிவிடுகிறது. பதிப்புரிமையும் கணிதத்துக்கு இல்லை, நீங்கள் எழுதிய வடிவத்துக்குத்தான். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திரனின் நிலையைச் சொல்லும் 248 வாக்கியங்கள் யாருக்கும் சொந்தமல்ல. வேறொருவர் அவற்றை வைத்துத் தானாகவே ஒரு நிரல் எழுதினால் நீங்கள் கேள்வி கேட்க முடியாது. முறையாக வாங்கிய ஒருவர் உங்கள் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஓட்டிப் பார்த்து ஆராய்வதையும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

ஜெராக்ஸ் கடையில் நடந்தது ஆராய்ச்சி அல்ல. நகலெடுத்து விற்றதற்கு 63-ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைத்ததற்கு 65-ஏ. உங்கள் பெயரை நீக்கியதற்கு 65-பி. இவை இரண்டும் 2012 திருத்தத்தில் வந்தவை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டு வரை. உங்கள் கடவுச்சொல் 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்குத் தகுமா என்று எதிர்த்தரப்பு கேட்கும். பெயரை நீக்கியதுதான் வலுவான குற்றச்சாட்டு. 63-ஆம் பிரிவுக் குற்றத்தில் காவல்துறை நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனில் வெளிவர முடியாத வகைக் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் நிட் புரோ வழக்கில் சொல்லியிருக்கிறது. உரிமையியல் வழக்கு என்றால் கடை இருக்கும் மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்க 62-ஆம் பிரிவு இடம் தருகிறது.

இதெல்லாம் சான்று இருந்தால்தான். கடையில் ஒரு நகலை விலை கொடுத்து வாங்குங்கள்; பில் தர மறுத்தால் யுபிஐயில் பணம் செலுத்துங்கள், அதுவே சான்று. கோப்பை உங்கள் வேலைக் கணினியில் திறக்காதீர்கள். கூடவே வைரஸும் வந்திருக்கலாம். கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ256 ஹாஷ் மதிப்பை எடுத்துக் குறித்து வையுங்கள். பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டத்தின்) 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுச் சான்றிதழில் அது தேவைப்படும். அந்தப் 'பூராட்டாதி'யை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளுங்கள், ஆனால் பிழையோடு கூடிய பழைய பதிப்பையும் அதன் தேதியோடு பத்திரமாக வையுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகச் சரியாக எழுதலாம். ஒரே இடத்தில் ஒரே பிழையைத் தனித்தனியாகச் செய்தார்கள் என்று நீதிபதியை நம்ப வைப்பது கடினம். கைப்பேசிக் குழுவில் சுற்றும் கோப்புக்கு அந்தச் செயலி நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். பதிப்புரிமை விதிகளின்படி அவர்கள் 36 மணி நேரத்துக்குள் அந்தக் கோப்பை யாரும் எடுக்க முடியாதபடி தடுக்க வேண்டும்; 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். சான்று கையில் இல்லாமல் ஊரில் உள்ள ஜோதிடர்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி மிரட்டாதீர்கள். ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குப் போடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே தொழிலுக்குப் பயன்படுத்துவதும் 63-பி பிரிவின்படி குற்றம்தான், குறைந்தது ஏழு நாள் சிறை. (அந்தப் பிரிவை எழுதியவர்கள் ஜோதிடர்களை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள்.) ஆனால் 300 ரூபாய் கொடுத்த ஜோதிடர் உங்கள் எதிரியல்ல. புதிய பதிப்பு தயாரானதும், பழைய நகல் வைத்திருப்பவர்களுக்கு 1,000 ரூபாய்க்கு அவர் பெயர் அச்சாகும் லைசென்ஸ் என்று அறிவித்துப் பாருங்கள். பாதிப் பேராவது வருவார்கள் என்று நினைக்கிறேன். பெயரும் எண்ணும் அச்சில் வருவது அவர்களுக்கும் தேவை.

அதுவரை புது விற்பனையை நிறுத்தி வையுங்கள். நூலகத்தை மாற்றிய பதிப்பை முதலில் பழைய அறுபது பேருக்கும் கட்டணமின்றிக் கொடுங்கள். நோட்டீஸ், புகார் எல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் சான்று சேகரிப்பதை இந்த வாரமே முடித்துவிடுங்கள். கடைக்காரருக்குச் செய்தி எட்டிவிட்டால் பென் டிரைவ் காணாமல் போய்விடும்.

அலுவலக மடிக்கணினி பற்றி நீங்கள் சொன்ன தகவலுக்கு வருகிறேன். பணியின் போக்கில் எழுதிய படைப்புக்குத்தான் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி நிறுவனம் முதல் உரிமையாளர். கணக்கருக்கு ஜாதக மென்பொருள் எழுதும் வேலை கிடையாது, ஆகவே மடிக்கணினி அவர்களுடையது என்பதால் மட்டும் நிரல் அவர்களுடையது ஆகிவிடாது. ஆனால் இப்போதெல்லாம் பணி ஒப்பந்தங்களில் 'பணிக்காலத்தில் உருவாக்கும் அனைத்தும்' நிறுவனத்துக்கே என்று ஒரு வரி நுழைந்திருப்பதைப் பார்க்கிறேன். உங்கள் நியமன ஆணையை எடுத்துப் படியுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால், பதிவு விண்ணப்பம் போடும் முன்பே எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தில் உரிமையாளர் என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்பது அதைப் பொறுத்தது.